அட்டைக் கட்டு முதல் ரெக்கார்டுசெட் வரை

நம் பழைய மாணவர்களில் பாக்ஸ்புரோ கற்றவர்கள் அநேகம் பேர். ‘ரிப்போர்ட் ஃபார்ம்’ என்று ஒரு வரி தட்டினால் போதும், அகலத் தாளில் கரகரவென்று பட்டியல் வந்து விழும். இன்று படிக்கும் தம்பி தங்கைகளுக்கு அது பழங்கதை. ஆனால் அந்தப் பட்டியலின் அமைப்பு கம்ப்யூட்டருக்கே மூத்தது என்றால் நம்புவீர்களா?

துளையிட்ட அட்டைகளின் காலத்துக்குப் போவோம். ஹெர்மன் ஹாலரித்தின் இயந்திரங்கள் 1890-ல் அமெரிக்க மக்கள்தொகையை எண்ணின. பின்னாளில் வந்த ஐ.பி.எம். 407 (1949) போன்றவை அட்டையைப் படித்து வரி வரியாக அச்சடித்துக் கூட்டவும் செய்தன. துறை எண் மாறாத வரை கூட்டிக்கொண்டே போகும். மாறியதும் மொத்தத்தை அச்சடித்துவிட்டு மறுபடி பூஜ்யத்தில் ஆரம்பிக்கும். அவ்வளவுதான் சூட்சுமம்!

ஆனால் அட்டைகளை முன்கூட்டியே துறைவாரியாக அடுக்கியிருக்க வேண்டும். நடுவில் ஓர் அட்டை இடம் மாறிப் புகுந்தால் ஒரே துறைக்கு இரண்டு மூன்று துணை மொத்தம் வரும். வேடிக்கை என்னவென்றால், கடைசி வரியின் பெருமொத்தம் மட்டும் கச்சிதமாகச் சரியாக இருக்கும்! அதை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுபவருக்கு ஒன்றுமே தெரியாது.

அட்டை இயந்திரங்களில் பழகியவர்கள் ஐ.பி.எம். 1401 கம்ப்யூட்டருக்கு (1959) மாறுவதற்காக வந்ததுதான் ஆர்.பி.ஜி. மொழி. படி, ஒப்பிடு, மாறினால் மொத்தம் போடு என்ற சுற்றை அது அப்படியே மொழிக்குள் வைத்துக்கொண்டது. வெய்ன் ராட்லிஃப் எழுதிய டிபேஸும், 1992-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கிய பாக்ஸ்புரோவும் அதே வழிதான்: முதலில் இண்டெக்ஸ், பிறகு ரிப்போர்ட்.

விஷுவல் பேசிக் 6 (1998) சற்று விலகியது. அதன் டேட்டா ரிப்போர்ட்டில் குழு பிரிக்க ‘ஷேப்’ கட்டளை எழுதி, ரெக்கார்டுசெட்டுக்குள் இன்னொரு ரெக்கார்டுசெட்டை வைத்துத் தரவேண்டும். என் அபிப்பிராயத்தில் இது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. விஷுவல் பேசிக் 3-உடன் 1993-ல் வந்த கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ் தானே வரிசைப்படுத்திக் குழு பிரித்துக் கொடுத்தது. பலரும் அதையே விரும்பியதில் ஆச்சரியமில்லை.

இப்போது புரோகிராம் எழுதும் தம்பிகளே, ஒன்று சொல்கிறேன். எஸ்.க்யூ.எல்.லில் ‘ஆர்டர் பை’ போடாவிட்டால் வரிசைக்கு உத்தரவாதமே கிடையாது. இருபது வரி சோதனைத் தரவில் எல்லாம் ஒழுங்காகவே வரும். லட்சம் வரி ஆனதும் சம்பளப் பட்டியலில் ஒரே துறை இரண்டு இடத்தில் தலைகாட்டும், எந்தப் பிழைச் செய்தியும் வராமலே. பெருமொத்தம் அப்போதும் சரியாகத்தான் இருக்கும்.