அங்கொடையும் பீமாரிஸ்தானும்

ஓர் ஊரின் பெயரே வசைச்சொல்லாக மாறிப்போன கதை நமது நாட்டில் உண்டு. "இவன அங்கொடைக்குத்தான் அனுப்போணும்" என்று சொல்லாத வீடு எங்கட கரையோர ஊர்களில் குறைவு. அங்கொடையைக் கண்ணால் காணாதவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். மனநோயின் மீது நமது சமூகம் குத்திய முத்திரையின் வரலாற்றையும், அதற்கு நேர்மாறாக நமது மரபுக்குள்ளேயே இருக்கும் இன்னொரு பார்வையையும் இக்கட்டுரையில் சுருக்கமாகப் பேச விரும்புகிறேன்.

முதலில் அங்கொடை. பிரித்தானியர் காலத்தில் பொரளையிலும் பின்னர் கறுவாத்தோட்டத்திலும் இருந்த மனநோய் விடுதிகளின் தொடர்ச்சியாக, 1920களில் அங்கொடை மருத்துவமனை எழுந்தது. இவற்றுக்குச் சட்ட அடிப்படையாக 1873ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இருந்தது. பெயர் மாறியும் திருத்தங்களோடும் அது தலைமுறைகள் கடந்து நீடித்தது. ஒருவர் சித்த சுவாதீனம் உள்ளவரா இல்லையா என்று தீர்மானிக்கும் பொறுப்பை அச்சட்டம் மாவட்ட நீதிமன்றத்திடம் கொடுத்தது. யாரை, யாருடைய உத்தரவில் அடைத்து வைப்பது என்பதுதான் அதன் பிரதான கேள்வி. நோயாளி என்ன சொல்கிறார் என்பது அதன் கேள்வியாக இருக்கவில்லை. இன்று அந்த மருத்துவமனை தேசிய மனநல நிறுவகம் என்று அழைக்கப்படுகிறது. பலகையில் பெயர் மாறிற்று, எங்கட வாயில் மாறவில்லை.

சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் 1963இல் இந்த முத்திரை பற்றி ஒரு நூல் எழுதினார். ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் 'ஸ்டிக்மா' என்ற சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. அடிமைகளுக்கும் குற்றவாளிகளுக்கும் உடலில் சுட்டோ வெட்டியோ இட்ட அடையாளத்தை அது குறித்தது. அடையாளம் பதிந்த பிறகு மனிதர் மறைந்து அடையாளம் மட்டுமே தெரியும். நமது ஊரில் இது சூட்டுக்கோல் இல்லாமலே நடக்கிறது. சம்பந்தம் பேச வந்தவர்கள், "அந்தக் குடும்பத்தில ஒரு விசர்க்காரி இருந்தாளாம்" என்று கேள்விப்பட்டதும் திரும்பிப் போகிறார்கள். அதற்குப் பயந்து வீட்டார் மகளின் நோயை மறைக்கிறார்கள். நாள் தள்ளிப்போக நோய் முற்றுகிறது.

அரபியில் பைத்தியக்காரரைக் குறிக்கும் 'மஜ்னூன்' என்ற சொல் 'ஜின்' என்ற சொல்லின் அதே வேரிலிருந்து பிறந்தது. மறைத்தல் என்பது அவ்வேரின் பொருள். மக்கத்துக் குறைஷிகள் இந்தச் சொல்லை யார் மீது எறிந்தார்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அவர்கள் அதை எறிந்தது நபி (ஸல்) அவர்கள் மீது. அல்கலம் அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே அல்குர்ஆன் அதை மறுக்கிறது. ஒருவரின் பேச்சைக் கேட்காமல் இருக்க அவரைப் பைத்தியம் என்று சொல்லிவிடுவது எவ்வளவு பழைய தந்திரம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அனஸ் (ரழி) அறிவிக்கும் ஒரு சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. புத்தியில் ஏதோ குறை இருந்த ஒரு பெண், தனக்கொரு தேவை இருப்பதாக நபியவர்களிடம் வந்து சொன்னார். விரும்பிய தெருவைத் தெரிவு செய்யுமாறு அவரிடமே சொல்லிவிட்டு, நபியவர்கள் அப்பெண்ணோடு பாதையில் நின்று அவர் தேவையை முடித்துக் கொடுத்தார்கள். இடத்தைத் தெரிவு செய்யும் உரிமை அந்தப் பெண்ணிடம் விடப்பட்டதைக் கவனியுங்கள்.

இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொரு சம்பவம். எகிப்தை ஆண்ட அஹ்மத் இப்னு தூலூன் 870களில் ஃபுஸ்தாத் நகரில் ஒரு பீமாரிஸ்தான், அதாவது மருத்துவமனை கட்டினார். அங்கே மனநோயாளிகளுக்கும் இடமிருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் அவர் நோயாளிகளைப் பார்க்கப் போவார். ஒருநாள் விலங்கிடப்பட்டிருந்த ஒருவர், தான் பைத்தியமில்லை என்று சொல்லி ஒரு மாதுளம்பழம் கேட்டார். கொடுத்ததும் அதை அமீரின் நெஞ்சைப் பார்த்து எறிந்தார். அதோடு இப்னு தூலூன் அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டதாக மக்ரீஸீ எழுதுகிறார். டமஸ்கஸில் நூருத்தீன் 1154இல் அமைத்ததும், கெய்ரோவில் கலாவூன் 1284இல் அமைத்ததும், எடிர்னேயில் இரண்டாம் பாயசீத் 1488இல் அமைத்ததும் வக்பு சொத்துகளால் நடந்த பெரிய மருத்துவமனைகள். பெருமைப்பட வேண்டியவைதான். ஆனால் அங்கும் விலங்கு இருந்தது. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கட்டடங்களைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு புத்தகம். பல்க் நகரைச் சேர்ந்த அபூ ஸைத் அல்-பல்கீ (இறப்பு 934) எழுதிய 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்', உடல்களுக்கும் உள்ளங்களுக்கும் நலம் தருபவை பற்றியது. மனிதன் உடலும் உள்ளமும் சேர்ந்தவன், வைத்தியர்கள் உடலை மட்டும் கவனிக்கிறார்கள் என்பது அவருடைய முறைப்பாடு. அவர் சொல்லும் இன்னொரு விடயம் முக்கியமானது. சில உடல் நோய்கள் சிலருக்கு வாழ்நாளில் ஒருமுறையும் வராமல் போகலாம், ஆனால் கோபம், பயம், கவலை போன்ற உள்ளத்தின் உபாதைகள் எல்லோருக்கும் அன்றாடம் வருகின்றன என்கிறார். அப்படியானால் 'அவர்கள்' என்று ஒரு கூட்டம் தனியாக இல்லை. முத்திரையின் அடித்தளமே இங்கே ஆட்டம் காண்கிறது.

காரணம் தெரிந்த கவலையையும் காரணம் தெரியாத கவலையையும் அவர் பிரித்துக் காட்டினார். அமைதியான நேரத்தில் நல்ல எண்ணங்களைச் சேமித்து வைக்கச் சொன்னார், வீட்டில் மருந்து வாங்கி வைப்பதுபோல. வஸ்வாஸுக்கு ஒரு தனி அத்தியாயம் எழுதினார். எங்கட பள்ளிவாசல் ஹவுளடியில் மறுபடி மறுபடி வுளூச் செய்துகொண்டிருப்பவரைப் பார்த்துச் சிரிக்கிற நமக்கு அந்த அத்தியாயம் தேவை. சூடானிய உளவியலாளர் மாலிக் பத்ரி இந்நூலின் இரண்டாம் பகுதியை 2013இல் ஆங்கிலத்தில் தந்தார்.

இனி இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். ஆபிரகாம் மாஸ்லோ 1943இல் மனிதத் தேவைகளின் படிநிலையை முன்வைத்தார். நோயுற்றவர்களை மட்டும் ஆராய்ந்தால் மனிதனைப் பற்றிய அறிவும் ஊனமாகத்தான் இருக்கும் என்று வாதிட்டார். கார்ல் ரோஜர்ஸ் தன்னிடம் வருபவரை 'நோயாளி' என்று அழைப்பதையே விட்டார். நிபந்தனையற்ற மதிப்பு, பிறர் உணர்வை உள்ளிருந்து உணர்தல், வேடமில்லாத நேர்மை ஆகிய மூன்றும் ஒருவர் தேற உதவும் என்றார். மனிதநேய உளவியலின் சாரம் இதுதான்: ஆளுமை என்பது நோயின் பெயரல்ல, வளரத் துடிக்கும் ஒரு மனிதர்.

"இதெல்லாம் எங்கட ஆக்கள் அப்பவே சொல்லிட்டாங்க" என்று மேடையில் பேசுவது சுலபம். அது சரியுமல்ல. பல்கீ எழுதியது நான்கு உடல்நீர்க் கோட்பாட்டின் உலகில். அவர் அறிவுரை சொல்கிறார், ரோஜர்ஸ் அறிவுரையைத் தவிர்க்கிறார். இருவரும் ஒன்றல்ல. ஆனால் உள்ளத்தின் நோயை வெட்கமாகப் பார்க்க வேண்டியதில்லை என்பதில் இருவரையும் அருகருகே உட்கார வைக்கலாம்.

2004 சுனாமி மருதமுனை, கல்முனை போன்ற எங்கள் ஊர்களில் எத்தனையோ வீடுகளைக் கொண்டுபோயிற்று. அதன் பின் 2005இல் வந்த தேசிய மனநலக் கொள்கை, சேவையை அங்கொடையிலிருந்து மாவட்டங்களுக்குக் கொண்டுவர முயன்றது. மருந்து பக்கத்து ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டது. ஆனால் "கிளினிக்குக்குப் போனா ஆக்கள் காணுவாங்க" என்ற பயம் அப்படியே இருக்கிறது. ஓதிப் பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை. துஆவும் மருந்தும் ஒன்றையொன்று விரட்டுவதில்லை. ஓதிப் பார்க்கிற மௌலவியே "டொக்டரிடமும் காட்டுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் பல வீடுகளில் மாதங்கள் மிச்சமாகும்.

மாதுளம்பழம் நெஞ்சில் பட்டதும் திரும்பிப் போன அமீரும் நமது வரலாறுதான். தெருவில் நின்று கேட்ட நபியவர்களும் நமது வரலாறுதான். இரண்டில் எதைத் தொடர்வது என்பது வருகிற ஜும்ஆவின் குத்பாவிலும், அடுத்த சம்பந்தப் பேச்சிலும், நம் பிள்ளைகள் காதுபட நாம் சொல்லும் அந்த ஊர்ப் பெயரிலும் தெரிந்துவிடும்.