தண்டனை பெற்றோரின் தேர்தல் தகுதி: மதுரை வட்டார வரலாறு

குற்ற வழக்கில் நீதிமன்றம் தண்டித்த ஒருவர் மக்கள் பிரதிநிதியாகலாமா என்ற கேள்விக்கு இந்தியச் சட்டம் இடைப்பட்ட ஒரு விடையைத் தருகிறது. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8ஆவது பிரிவுப்படி, இரண்டாண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றவர் தீர்ப்பு நாளிலிருந்தே தகுதி இழக்கிறார். விடுதலையான பின்பும் ஆறாண்டு அந்தத் தடை நீடிக்கும். அதே சட்டம் பட்டியலிடும் சில குற்றங்களுக்கு அபராதம் மட்டும் விதிக்கப்பட்டாலும் தடை உண்டு. வழக்கு நிலுவையில் இருப்பது மட்டும் யாரையும் விலக்காது. இந்தத் தடை போதாது என்போரும் இது கூடவே கூடாது என்போரும் உண்டு. தடை வேண்டும், ஆனால் அது தீர்ப்புக்குப் பின்பு, காலவரையறையோடு வரவேண்டும் என்பதற்கு மதுரையும் அதைச் சூழ்ந்த சமவெளியும் கடந்த நூறாண்டில் கண்டவை போதிய சான்றாகும்.

'குற்றவாளி' என்ற பட்டத்தை அரசு எவ்வளவு எளிதாகக் கட்டிவிட முடியும் என்பதை உசிலம்பட்டி வட்டாரம் அறியும். 1911ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம், இங்கே 'ரேகைச் சட்டம்' என்று வழங்கப்பட்டது. பிறமலைக் கள்ளர் ஆண்கள் கைரேகை பதிய வேண்டும். வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும். இரவில் காவலர் கண்காணிப்பில் படுக்க வேண்டும். ஆஜராகத் தவறினாலே தண்டனை. பிறப்பே குற்றமாகி, அந்தக் குற்றத்திலிருந்து மேலும் குற்றங்கள் விளைந்தன. ரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை சுட்டதில் பதினைந்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இம்மக்களுக்காக வாதாடிய மதுரை வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப்பை அவர்கள் 'ரோசாப்பூ துரை' என்று அழைத்தார்கள். அவரும் 1921 டிசம்பரில் கைதாகிச் சிறை கண்டவர்தான். 1937இல் மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி வட்டாரத்திலிருந்து மத்தியச் சட்டமன்றத்துக்கு அவர் தேர்வானார். சிறை சென்றவருக்கு ஆயுள் தடை என்ற விதி அன்று இருந்திருந்தால், ரேகைச் சட்டத்துக்கு எதிராக நீதிமன்றத்தில் பேசிய குரல் சட்டமன்றத்தின் வாசலைக்கூடத் தாண்டியிருக்காது.

தடையே இல்லாமல் அன்றைய ஆட்சியும் இருக்கவில்லை. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம், இரண்டாண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனை பெற்றவரை விடுதலைக்குப் பின் ஐந்தாண்டு விலக்கிவைத்தது. அந்த இரண்டாண்டு அளவுகோலைச் சுதந்திர இந்தியாவின் 1951ஆம் ஆண்டுச் சட்டமும் ஏற்றுக்கொண்டது. மறியலுக்கும் மேடைப்பேச்சுக்கும் சில மாதங்கள் உள்ளே போய்வந்தவர்களுக்கு அந்த அளவுகோலில் வழி இருந்தது. விடுதலைப் போரில் பலமுறை சிறை சென்ற கே.பி. ஜானகியம்மாள் 1967இல் மதுரை கிழக்கிலும், மாணவப் பருவத்திலேயே சிறை புகுந்த என். சங்கரய்யா அதே ஆண்டு மதுரை மேற்கிலும் வென்றார்கள். மதுரைச் சதி வழக்கில் சங்கரய்யாவோடு சேர்க்கப்பட்டு, சுதந்திரத்துக்கு முந்தைய நாளில் விடுவிக்கப்பட்ட பி. ராமமூர்த்தி, 1952இல் சிறையிலிருந்தபடியே மதுரை வடக்கில் வெற்றி பெற்றார். இம்மானுவேல் சேகரன் கொலை வழக்கில் 1957இல் கைதான பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் 1959இல் விடுதலையானார். 1962இல் அருப்புக்கோட்டை மக்களவைத் தொகுதியில் வென்றார். கொள்கையிலும் வரலாற்றுப் பாத்திரத்திலும் இவர்கள் ஒருவருக்கொருவர் வெகுதொலைவில் நிற்பவர்கள். ஆனாலும் வழக்கு வேறு, தீர்ப்பு வேறு என்ற பாடம் எல்லாருடைய வாழ்விலும் இருக்கிறது. வழக்குப் போடும் அதிகாரம் ஆளுங்கட்சியின் கையில் இருக்கும் நாட்டில், குற்றப்பத்திரிகையே தகுதியிழப்பாகும் என்றால் எதிரணி வேட்பாளரைக் காவல் நிலையத்திலேயே தோற்கடித்துவிடலாம்.

அப்படியானால் எல்லாவற்றையும் மக்கள் தீர்ப்புக்கே விட்டுவிடலாமே என்று கேட்கலாம். இதற்கு விடை மேலூர் அருகே மேலவளவில் இருக்கிறது. 1996இல் அவ்வூர் ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டல்களைத் தாண்டி நடந்த தேர்தலில் முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று மதுரை ஆட்சியர் அலுவலகம் போய்ப் பேருந்தில் ஊர் திரும்பிய அவரையும் உடன் வந்தவர்களையும் வழிமறித்து வெட்டிக் கொன்றார்கள். 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2009இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளிலோ 2006 வரை ஒதுக்கீட்டுத் தேர்தல் ஒழுங்காக நடக்கவே விடப்படவில்லை. மேலவளவு மக்கள் வாக்குச்சீட்டில் சொன்ன தீர்ப்பை அரிவாள் திருத்தியது. தேர்தலில் நிற்கும் உரிமை ஒருவருக்கு மட்டும் உரியதன்று; அடுத்தவரின் அந்த உரிமையை வெட்டிச் சாய்த்தவர், தம் உரிமையை மட்டும் அப்படியே கேட்பது முறையாகாது. எனவே இந்தத் தடையைப் பழைய பாவத்துக்கான கூடுதல் தண்டனையாகப் பார்க்கத் தேவையில்லை. மற்றவர்கள் அச்சமின்றி வேட்புமனு தாக்கல் செய்வதற்கான காப்பு அது.

மக்கள் செல்வாக்கு சட்டத்தை மீறுமா என்பதும் இந்தச் சமவெளியின் விளிம்பிலேயே சோதிக்கப்பட்டது. டான்சி நில வழக்கில் 2000 அக்டோபரில் மூன்றாண்டு தண்டனை பெற்ற ஜெ. ஜெயலலிதா, 2001இல் ஆண்டிபட்டி உட்பட நான்கு தொகுதிகளில் தாக்கல் செய்த மனுக்கள் தள்ளுபடியாயின. கட்சி பெருவெற்றி பெற்றதால் அவர் உறுப்பினராகாமலே முதல்வரானார். மக்கள் தீர்ப்பே பெரிது என்ற வாதத்தை அதே ஆண்டு செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றம் நிராகரித்து, அந்த நியமனத்தை ரத்து செய்தது. பெரியகுளம் உறுப்பினர் ஓ. பன்னீர்செல்வம் முதல்வரானார். டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுவித்தது. 2002 பிப்ரவரியில் அதே ஆண்டிபட்டியில் அவர் இடைத்தேர்தலில் வென்றார். தடை வந்ததும் தீர்ப்பால்தான், நீங்கியதும் தீர்ப்பால்தான். விதி தன் வேலையைச் செய்தது. பதவியில் இருப்போர் மேல்முறையீடு செய்தாலே பதவியைத் தக்கவைக்கலாம் என்ற சலுகையை 2013 ஜூலையில் லில்லி தாமஸ் வழக்குத் தீர்ப்பு ஒழித்தது.

தண்டனை பெற்ற கடைநிலை ஊழியர் வேலையை நிரந்தரமாக இழக்கும்போது அமைச்சருக்கு மட்டும் ஆறாண்டா என்ற கேள்வி நியாயமானதாகத் தோன்றும். ஆனால் ஊழியரை நியமிப்பது அரசு. பிரதிநிதியை அனுப்புவது மக்கள். ஆயுள் தடை அந்த மக்களின் தேர்வையும் என்றைக்குமாக மூடிவிடும். வலுவான ஆட்சேபம் வேறிடத்தில் இருக்கிறது: தீர்ப்பே வராவிட்டால் தீர்ப்பை நம்பிய தடை எதற்கு? ஜெயலலிதா மீது 1996இல் தொடங்கிய சொத்துக்குவிப்பு வழக்கில் விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு 2014 செப்டம்பரில்தான் வந்தது. குற்றச்சாட்டு வனையும் கட்டத்திலேயே தடை வேண்டும் என்று சட்ட ஆணையம் 2014இல் பரிந்துரைத்ததன் பின்னணி இத்தகைய தாமதமே. 2018இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்காமல், வழக்கு விவரங்களை வெளியிடும்படி வேட்பாளர்களுக்குக் கட்டளையிட்டது. தாமதத்துக்கு மருந்து விரைவான விசாரணை. குற்றம் நிரூபணமாகாதவரை வெளியே நிறுத்துவது ரேகைச் சட்டத்தின் வழி.

வேட்புமனுவோடு வரும் படிவம் 26இல் நிலுவை வழக்குக்கு ஓர் இடமும் தண்டனைக்கு ஓர் இடமும் தனித்தனியே உண்டு. 2024இல் தேர்வான 543 மக்களவை உறுப்பினர்களில் 251 பேர் தங்கள்மீது வழக்கு இருப்பதாக அறிவித்திருந்தார்கள். அந்த முதல் இடத்தை வாக்காளர் படித்து முடிவெடுக்கட்டும். இரண்டாவதைச் சட்டம் பார்த்துக்கொள்ளும். ஆனால் சட்டத்திலும் ஓர் ஓட்டை உண்டு. மேலவளவு வழக்கில் தண்டனை பெற்ற 13 பேரை மாநில அரசு 2019 நவம்பரில் முன்கூட்டியே விடுவித்தது. ஆறாண்டுத் தடை விடுதலை நாளிலிருந்து எண்ணப்படுவதால், அரசு காட்டும் கருணை சிறைக்காலத்தோடு தேர்தல் தடையையும் சேர்த்தே குறைத்துவிடுகிறது. தடையை நீதிமன்றம் தொடங்கிவைத்தாலும் அது முடியும் நாளைக் குறிப்பவர்கள் ஆட்சியாளர்களாகிவிடுகிறார்கள். திருத்தம் வேண்டியது இங்கேதான்: காலவரையறை இருக்கட்டும், அந்தக் கணக்கு நீதிமன்றம் விதித்த தண்டனையை ஒட்டியே ஓடட்டும்.