கட்டபொம்மன் வசனமும் ஊமைத்துரையின் சைகையும்

மலர்க்குழு நண்பர்கள் "ஏதாவது எழுதிக் குடுப்பா" என்று கேட்டபோது, பாலம், கான்கிரீட் என்று நான் எதையாவது எழுதுவேன் என்றுதான் நினைத்திருப்பார்கள். நான் சிவில் என்ஜினீயர். ஆனால் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவனுக்கு வசனத்தின் மேல் ஒரு பித்து உண்டு. ஆகவே இந்தக் கட்டுரை வசனத்தைப் பற்றியது. சரியாகச் சொன்னால், ஒரே ஒரு வசனத்தைப் பற்றியது.

எது என்று கேட்கவே வேண்டாம். 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தில் ஜாக்சன் துரைக்கும் கட்டபொம்மனுக்கும் நடக்கும் வாக்குவாதம்தான். பள்ளிக்கூட ஆண்டு விழா, கோயில் கொடை, கல்யாண வீட்டு மைக் செட் என்று நம்ம பக்கம் அது கேட்காத இடம் எது? எழுதியவர் சக்தி டி.கே. கிருஷ்ணசாமி. 1957-ல் சிவாஜி நாடக மன்றத்தின் மேடை நாடகமாக வந்து, 1959-ல் பி.ஆர். பந்துலு டைரக்ஷனில் படமாயிற்று. 1960-ல் கெய்ரோ படவிழாவில் சிவாஜி கணேசனுக்குச் சிறந்த நடிகர் விருதும் கிடைத்தது. படம் வந்து அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தப் படத்தை முழுசாகப் பார்க்காத பையனும் அந்த வசனத்தை மூச்சுவிடாமல் சொல்கிறான்.

ஒரு ஹாஸ்டல் தினத்தில் நாங்களும் இந்தக் காட்சியைப் போட்டோம். கட்டபொம்மன் வேஷத்துக்கு ஏழெட்டுப் பேர் போட்டி. ஜாக்சனுக்கு ஒருத்தரும் இல்லை. உயரமாக இருக்கிறேன் என்ற ஒரே தகுதியில் தொப்பியை என் தலையில் கவிழ்த்துவிட்டார்கள். என் வசனம் மொத்தமும் அரைப் பக்கம்கூட வராது. ஆனால் ஒத்திகையில் கட்டபொம்மனாக நடித்த நண்பன் என்னைத்தான் விரட்டிக்கொண்டே இருந்தான். "லே, நீ கேக்கிற கேள்வியில ஒரு எரிச்சல் வேணும்லே. அப்பத்தான் எனக்குப் பதில் வரும்!" சத்தியமான பேச்சு. இரண்டு பக்கமும் தாங்கல் இல்லாமல் உத்திரம் எப்படி நிற்கும்?

இதை நம்ம ஆற்றங்கரைக்காரர்கள் எப்போதோ தெரிந்து வைத்திருந்தார்கள். சீவலப்பேரிப் பக்கம் சிற்றாறு வந்து தாமிரபரணியில் கலக்கிறதே, அந்த இடத்தை வைத்துப் பாடியதுதான் முக்கூடற்பள்ளு. அதில் மூத்தவள் முக்கூடல்காரி, வைணவம். இளையவள் மருதூர்க்காரி, சைவம். ஒரே புருஷனுக்காகத் தொடங்குகிற சக்களத்திச் சண்டை, பெருமாளையும் சிவனையும் மாறிமாறிக் கேலி செய்கிற அளவுக்குப் போய்விடுகிறது. பாடிய புலவர் யாரென்று தெரியாது. ஆனால் எவர் பக்கமும் சாயாமல் இருவருக்கும் சமமான நாக்கைக் கொடுத்திருக்கிறார். அதனால்தான் கடைசியில் இருவரும் சமாதானம் ஆகும்போது நம்மால் நம்ப முடிகிறது. வில்லுப்பாட்டிலும் இப்படித்தான். பின்பாட்டுக்காரர் வெறுமனே "ஆமா" போடுகிறவர் இல்லை. இடையில் புகுந்து குதர்க்கமாக ஒரு கேள்வி போடுவார். அங்கேதான் கதை சூடுபிடிக்கும்.

ஜாக்சன் காட்சிக்கு வருவோம். அன்றைக்கு உண்மையில் என்ன நடந்தது?

1798-ம் வருஷம் செப்டம்பர் 10-ம் தேதி, இராமநாதபுரம் அரண்மனையில் அந்தச் சந்திப்பு. கிஸ்திப் பாக்கி விவகாரம். அதற்கு முன்பே குற்றாலம், சொக்கம்பட்டி, சிவகிரி, ஸ்ரீவில்லிபுத்தூர் என்று கலெக்டர் போன இடமெல்லாம் கட்டபொம்மனைப் பின்னாலேயே அலையவிட்டிருந்தார்கள். கடைசியில் பேட்டி கிடைத்தபோது உட்கார நாற்காலி இல்லை. சுமார் மூன்று மணி நேரம் நிற்க வைத்தே விசாரணை. கட்டபொம்மன் வீட்டுமொழி தெலுங்கு, கலெக்டருக்கு ஆங்கிலம். கம்பெனி அதிகாரிகள் துபாஷிகளை நம்பிக் காரியம் பார்த்த காலம் அது. ஆக, நாம் மனப்பாடம் செய்த அந்தத் தமிழ் முழுக்க முழுக்கக் கிருஷ்ணசாமி கொடுத்த கொடை. நிஜத்தில் பேச்சு முறிந்து கைகலப்பு ஆயிற்று. லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார். கட்டபொம்மன் தப்பிவிட்டார். அவருடைய காரியஸ்தர் சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார்.

இதற்குப் பிறகு நடந்ததை எந்த மேடையிலும் யாரும் நடித்து நான் பார்த்ததில்லை. கட்டபொம்மன் நேராகச் சென்னைக் கவர்னருக்குப் புகார் அனுப்பினார். கம்பெனி ஒரு விசாரணைக் குழு போட்டது. குழு கட்டபொம்மன் மேல் குற்றமில்லை என்றது. ஜாக்சன் பதவி போயிற்று, லூஷிங்டன் வந்தார். ஒரு பாளையக்காரர் மனு எழுதியே வெள்ளைக்காரக் கலெக்டரை இறக்கியிருக்கிறார்! என்னைக் கேட்டால் படத்து வாக்குவாதத்துக்கு இது கொஞ்சமும் குறைந்ததில்லை. ஆனால் மனுவை வைத்து எப்படி வசனம் எழுதுவது? கைதட்டு வராதே.

அடுத்த வருஷம் நிலைமை தலைகீழ். 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். புதுக்கோட்டைச் சீமைக் காட்டில் பிடிபட்ட கட்டபொம்மன், அக்டோபர் 16-ம் தேதி கயத்தாற்றில் மற்ற பாளையக்காரர்கள் முன்னிலையில் விசாரிக்கப்பட்டு, புளியமரத்தில் தூக்கிலிடப்பட்டார். மறுநாள் பானர்மேன் மேலிடத்துக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. தூக்குப் போட்டவரே எழுதியது. புகழ வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. விசாரணை முழுக்க அஞ்சாமலும் அலட்சியமாகவும் நின்றார் என்கிறார். எட்டயபுரத்தாரையும் சிவகிரியாரையும் ஏளனமாகப் பார்த்தாராம். மரத்தடிக்கு நிமிர்ந்து நடந்தாராம். ஆக, எதிராளியின் மனதில் நின்றது பேச்சைவிடப் பார்வையும் நடையும்தான். போகும் வழியில் தன் ஊமைத் தம்பியைப் பற்றி மட்டும் கவலைப்பட்டதாகவும், கோட்டையை விட்டு வந்ததற்கு மரத்தடியில் வருந்தியதாகவும், அங்கேயே போராடி மடிந்திருக்கலாம் என்று சொன்னதாகவும் தனக்குத் தகவல் வந்தது என்று முடிக்கிறார்.

அந்த ஊமைத் தம்பிதான் ஊமைத்துரை.

அவரை அடைத்து வைத்திருந்தது நம்ம பாளையங்கோட்டையில். மேடைப் போலீஸ் ஸ்டேஷன் என்று நாம் சொல்லிப் பழகிய கட்டடம் அந்தக் கோட்டையின் மேற்கு வாசல்தான். 1801 பிப்ரவரி 2-ம் தேதி அவர் சிறையிலிருந்து தப்பினார். இடித்துத் தள்ளிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாட்களிலேயே மறுபடி எழுப்பினார்கள். மார்ச் மாதம் தாக்க வந்த கம்பெனிப் படை பலத்த சேதத்தோடு திரும்பியது. பீரங்கிகளும் கூடுதல் படையும் வந்து, மே மாதம்தான் கோட்டை விழுந்தது.

ஒரு பேச்சும் இல்லாமல் இத்தனை பேரை எப்படித் திரட்டினார்? அந்தப் போரில் எதிர்ப்பக்கம் நின்ற ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி 1830-ல் வெளியான தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். ஊமைத்துரை துரும்புகளைப் பொறுக்கி இடது உள்ளங்கையில் அடுக்குவாராம். அதுதான் வெள்ளைக்காரன் படை. பிறகு வலது கையால் ஒரே வீச்சாக வாரித் தள்ளிவிட்டு, வாயால் 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம் எழுப்புவாராம். தாக்குதலுக்கு உத்தரவு அவ்வளவுதான். சனங்கள் அவரைச் 'சாமி' என்றார்கள்.

கோட்டை விழுந்த அன்று நடந்ததையும் வெல்ஷ் விடவில்லை. தன் மகனைத் தேடி ஒரு தாய் போர்க்களத்துக்கு வந்தாள். குற்றுயிராகக் கிடந்த மகன், தன்னை விட்டுவிட்டுப் பக்கத்தில் காயப்பட்டுக் கிடக்கும் சாமியைக் காப்பாற்றச் சொன்னான். அவள் அப்படியே செய்தாள். ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டில் கிடத்தினார்கள். எட்டயபுரத்து ஆட்கள் தேடிக்கொண்டு வந்தபோது, பெண்கள் அவர் மேல் துணியை மூடி, சுற்றி உட்கார்ந்து ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்கள். என்ன அழுகை என்று வந்தவர்கள் கேட்டார்கள். பாவம், ஒரு பையன் அம்மை போட்டு இப்பத்தான் செத்தான் என்று பதில் வந்தது.

கேட்டவர்கள் திரும்பிப் பார்க்காமல் ஊரை விட்டே ஓடினார்கள்.