ஒரு தானியமா, நான்கு தானியமா: வேகாத ஓட்ஸில் ஒரு கணக்கு

கடை அலமாரியில் வெறும் ஓட்ஸ் பாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே ‘மல்டிகிரைன்’ என்று போட்ட பாக்கெட்டும் நிற்கிறது. பெரும்பாலும் விலை கொஞ்சம் கூடுதல். தானியம் கூடினால் சத்தும் கூடும் என்ற நம்பிக்கையில்தான் பலர் இரண்டாவதை எடுக்கிறார்கள். அந்த நம்பிக்கையில் பாதிதான் சரி. நான்கு தானியங்கள் சேரும்போது சில சத்துகள் ஏறுகின்றன, சில இறங்குகின்றன. எது ஏறும், எது இறங்கும் என்று தெரிந்து வாங்கினால் கொடுக்கிற காசுக்கு அர்த்தம் இருக்கும்.

ஒப்பிட நான் எடுத்துக்கொண்டவை இரண்டு. ஒன்று, உமி நீக்கிய முழு ஓட்ஸை ஆவியில் சூடாக்கி, உருளையில் நசுக்கிய அவல். மற்றது, மேலை நாடுகளில் காலைக் கஞ்சிக்கென்று விற்கும் கலவை: ஓட்ஸ், ரை, பார்லி, கோதுமை. கலக்கும் விகிதம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதனால் நான்கையும் சம எடையில் கலந்ததாக வைத்துக்கொண்டு, அமெரிக்க வேளாண் துறையின் உணவுச்சத்து அட்டவணையில் ஒவ்வொரு தானியத்துக்கும் உள்ள எண்களைச் சேர்த்துச் சராசரி எடுத்தேன். எல்லாமே வேகாத நிலையில், 100 கிராமுக்கு.

வேகாத நிலையை வற்புறுத்தக் காரணம் உண்டு. உலர்ந்த ஓட்ஸ் 100 கிராமில் 379 கலோரி. தண்ணீரில் வெந்த கஞ்சி 100 கிராமில் ஏறத்தாழ 70 தான். தானியம் அதே தானியம், மிச்சம் முழுக்கத் தண்ணீர். ஒரு பாக்கெட்டில் உலர்ந்த எடைக்கான எண்ணையும் இன்னொன்றில் வெந்த கஞ்சிக்கான எண்ணையும் பார்த்து, ‘இது கலோரி குறைந்தது’ என்று முடிவு செய்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள்.

இனி எண்கள். வெறும் ஓட்ஸில் 379 கலோரி, கலவையில் 350. புரதம் 13.2 கிராம், கலவையில் 12.1. கொழுப்பு 6.5 கிராம், கலவையில் 3. நார்ச்சத்து 10.1 கிராம், கலவையில் 13.7. ஒரு வேளைக்கு ஒருவர் போடும் 40 கிராம் அளவில் பார்த்தால் கலோரி வித்தியாசம் வெறும் 12. உடம்பு இளைக்கும் என்று மல்டிகிரைனுக்கு மாறுகிறவர்களுக்கு இந்த 12 கலோரி எதையும் செய்யாது; மேலே போடும் ஒரு கரண்டித் தேன் அதை விழுங்கிவிடும்.

நார்ச்சத்தில்தான் விஷயம் இருக்கிறது. 10 எங்கே, 13.7 எங்கே என்று பார்த்தால் கலவை வென்றதாகத் தோன்றும். ஆனால் நார்ச்சத்து என்ற ஒரே தலைப்பின் கீழ் குணத்தில் வேறுபட்ட பல பொருள்கள் அடங்கியிருக்கின்றன. ஓட்ஸுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார். கஞ்சி ஆறும்போது கரண்டியில் வழவழவென்று இழுபடுகிறதே, அதுதான். குடலில் அதே பசைத்தன்மை பித்த அமிலங்களைப் பிடித்து வெளியேற்ற, கல்லீரல் புதிய பித்தம் செய்ய ரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது. நாளுக்கு 3 கிராம் பீட்டா குளுக்கன் என்ற அளவை வைத்து, இதய நலன் பற்றிய வாசகத்தை ஓட்ஸ் பாக்கெட்டில் அச்சிட அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997-இல் அனுமதித்தது. பார்லிக்கு அந்த அனுமதி 2006-இல் உறுதியானது.

ஓட்ஸில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 4 கிராம் பீட்டா குளுக்கன். பார்லியில் அதற்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருக்கும். ரையில் சுமார் 2 கிராம், கோதுமையில் ஒரு கிராம்கூடத் தேறாது. நான்கையும் சேர்த்தால் சராசரி 3 கிராம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. மொத்த நார் ஏறியும், கொலஸ்ட்ராலைக் குறைக்கிற நார் குறைந்துபோகிறது. நாளுக்கு வேண்டிய 3 கிராமைப் பெற வெறும் ஓட்ஸ் என்றால் 75 கிராம் போதும். கலவை என்றால் 100 கிராம் வேண்டும். கொலஸ்ட்ராலுக்காக மருத்துவர் ஓட்ஸ் சாப்பிடச் சொல்லியிருந்தால் வெறும் ஓட்ஸே நல்ல தேர்வு என்பேன். பார்லியை முதல் இடத்தில் வைத்த கலவை மட்டும் இதற்கு விலக்கு.

கலவையில் கூடுதலாக வருகிற நார் வீண் என்று சொல்ல வரவில்லை. ரையின் அரபினோசைலான் என்ற நார் பெருங்குடல் நுண்ணுயிர்களுக்கு உணவு. கோதுமைத் தவிட்டின் கரையாத நார் மலத்துக்குப் பருமன் தருகிறது. மலச்சிக்கலால் அவதிப்படும் முதியவருக்கு 13.7 என்ற எண் உண்மையிலேயே பயன்படும். தட்டில் கொட்டிப் பார்த்தாலே இரண்டின் வித்தியாசம் தெரியும். ஓட்ஸ் அவல் வெளிறி, மாவு படிந்து, விரலில் நசுக்கினால் பொடிந்துவிடும். கலவையில் ரை சாம்பல் பூத்த பழுப்பாகவும், கோதுமை செந்நிறத் தவிட்டு விளிம்போடும் தனித்தனியாகத் தெரிகின்றன. வெந்த பிறகும் அவை பல்லுக்குத் தட்டுப்படும்; மென்று சாப்பிட வேண்டியிருக்கும். பசி தாங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கொழுப்பு பாதிக்கு மேல் குறைவதை ஆதாயமாக எண்ண வேண்டாம். ஓட்ஸின் கொழுப்பில் பெரும்பகுதி ஒலீயிக், லினோலீயிக் அமிலங்கள். இதயத்துக்குக் கெடுதல் செய்யாதவை. இந்த நான்கு தானியங்களில் ஓட்ஸுக்கு மட்டும் இவ்வளவு கொழுப்பு இருப்பதால்தான் ஆலையில் அதை ஆவியில் சூடாக்குகிறார்கள். இல்லையென்றால் உள்ளிருக்கும் லிப்பேஸ் நொதி கொழுப்பை உடைத்து, தானியம் சில நாளில் கசந்துவிடும். புரதத்திலும் ஓட்ஸ் ஒரு படி மேல்: கோதுமையைவிட லைசின் கூடுதல். பாலோடோ பாசிப்பருப்போடோ சமைக்கிற வீட்டில் இந்த வித்தியாசம் மறைந்துவிடும். இரும்பு ஓட்ஸில் 4.25 மி.கி., கலவையில் ஏறத்தாழ 3.4. மெக்னீசியத்தில் பேசும்படி வித்தியாசம் இல்லை.

ஒரு எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். கோதுமை, பார்லி, ரை மூன்றிலும் குளூட்டன் என்ற புரதம் உண்டு. சீலியாக் நோய் உள்ளவர்கள் இந்தக் கலவையைத் தொடவே கூடாது. வெறும் ஓட்ஸிலும் வயலிலோ ஆலையிலோ கோதுமை கலந்திருக்கலாம் என்பதால், குளூட்டன் இல்லை என்று சான்று பெற்றதைத்தான் மருத்துவரைக் கேட்டு அவர்கள் சாப்பிட வேண்டும்.

சர்க்கரை நோயாளிகள் தானியங்களை எண்ணுவதைவிட அவலின் தடிமனைப் பார்ப்பது நல்லது. தடித்த ஓட்ஸ் அவலின் கிளைசெமிக் குறியீடு (ரத்தச் சர்க்கரையை உணவு ஏற்றும் அளவு) 55-ஐ ஒட்டி நிற்கிறது. வெந்நீர் ஊற்றியதும் குழைகிற உடனடி ஓட்ஸ் 75-ஐ ஒட்டிப் போகிறது. மெல்லியதாக நசுக்க நசுக்க மாவுச்சத்து சீக்கிரம் செரித்து ரத்தத்தில் கலக்கிறது. மெல்லிய அவல்களைக் கலந்த உடனடி மல்டிகிரைனைவிட, தடித்த வெறும் ஓட்ஸ் அவர்களுக்குப் பாதுகாப்பானது. மசாலா ஓட்ஸ் பொட்டலங்கள் வேறு கணக்கு: வெறும் ஓட்ஸில் 6 மி.கி. மட்டுமே உள்ள சோடியம் அங்கே பல மடங்கு ஏறிவிடும்.

நம் ஊரில் விற்கும் மல்டிகிரைன் ஓட்ஸ் சிலவற்றில் ரைக்குப் பதில் கேழ்வரகும் சோளமும் வருகின்றன. இங்கே ஒப்பீடே வேறு பக்கம் திரும்புகிறது. ஓட்ஸில் கால்சியம் 52 மி.கி. தான்; ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி கேழ்வரகில் 364. அறுபது கிராம் ஓட்ஸோடு நாற்பது கிராம் கேழ்வரகு சேர்ந்தால் கால்சியம் 177 மி.கி. ஆகிறது, மூன்று மடங்குக்கும் மேல். பதிலுக்குப் புரதம் 13-இலிருந்து 10.8-க்கு இறங்குகிறது. ஆனால் இவ்வளவு கேழ்வரகு பாக்கெட்டில் இருக்கிறதா என்பதை முகப்புப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. பின்பக்கப் பட்டியலில் பொருள்கள் எடை இறங்குவரிசையில் அச்சாகியிருக்கும். கேழ்வரகு கடைசியில் இரண்டு மூன்று சதவீதத்தோடு நின்றால், கால்சியத்தில் பெரிய மாற்றம் வராது. வெறும் ஓட்ஸை வாங்கி, வறுத்த கேழ்வரகு மாவை வீட்டிலேயே கரைத்து ஊற்றிக் காய்ச்சினால் அளவு நம் கையில் இருக்கும், செலவும் குறையும்.