பழவேற்காடு ஏரி: மீன்வளமும் கணக்கெடுப்பும்

பெரும்பகுதி ஆந்திரத்திலும் ஒரு பகுதி திருவள்ளூர் மாவட்டத்திலும் பரந்திருக்கும் பழவேற்காடு, சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. கடலுக்கும் ஏரிக்கும் இடைப்பட்ட மணல்திட்டில் லைட்ஹவுஸ் குப்பம் என்ற மீனவர் ஊர் இருக்கிறது.

இங்கே மீன்வளம் என்பது முகத்துவாரத்தைப் பொறுத்தது. மடவை, கொடுவா, வெள்ளை இறால் ஆகியவை கடலில் முட்டையிட, அவற்றின் குஞ்சுகள் ஏரிக்குள் வந்து வளர்கின்றன. மணல் அடைத்து வாய் குறுகினால் குஞ்சுவரத்தும் குறையும். கோடையில் உப்பும் ஏறும். அதனால் ஒரே பருவத்தில் எடுத்த கணக்கை வைத்து ஏரியின் நிலையைச் சொல்லிவிட முடியாது. எடை, இனம், வலைக்கண் அளவு, உப்புத்தன்மை எல்லாவற்றையும் மாதந்தோறும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சென்னைக் கிறித்தவக் கல்லூரி விலங்கியலாளர் சஞ்சீவ ராஜ் இவ்வேரியின் உயிரினங்களைத் தொகுத்து எழுதிய நூலைத் தேசியப் பல்லுயிர் ஆணையம் 2006இல் வெளியிட்டது.

கணக்கெடுப்பவர்கள் மறக்கக் கூடாத ஒன்று பாடு முறை. கழி நட்டு வலை கட்டும் இடங்களைப் மீனவச் சமூகமான பட்டினவரின் ஊர்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. ஒருவரின் ஒருநாள் பிடிப்பு அவருக்கு எந்தப் பாடு வாய்த்தது என்பதைப் பொறுத்தது. அந்த விவரம் இல்லாத சராசரி பிழையாகிவிடும். பாடு முறையில் பங்கில்லாத இருளர் பழங்குடியினர் பனையோலைப் பறியைப் பல்லில் கவ்வியபடி ஆழமில்லாத நீரில் இறாலைக் கையால் தடவிப் பிடிக்கிறார்கள். சிறிதானாலும் அந்தப் பிடிப்பையும் பதிவேட்டில் சேர்ப்பதே நியாயம்.