பந்தும் பாதமும் பழகிய கதை

1953 நவம்பர் 25. லண்டன் வெம்பிளி அரங்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் கூடியிருந்தார்கள். இங்கிலாந்தும் ஹங்கேரியும் மோதிய கால்பந்தாட்டம் அது. அதுவரை ஐரோப்பாக் கண்டத்து அணி எதுவும் இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணில் வென்றதில்லை. முதற் பாதியில், கோலுக்கு அருகே ஹங்கேரியின் புஷ்காஷிடம் பந்து வந்தது. இங்கிலாந்து அணித் தலைவர் பில்லி ரைட் அதைப் பறிக்கப் பாய்ந்தார். புஷ்காஷ் பூட்ஸின் அடிப்பாகத்தால் பந்தைச் சட்டெனப் பின்னுக்கு இழுத்தார். ரைட் வெற்றிடத்தில் சறுக்கிக்கொண்டு போனார். மறுகணம் பந்து வலைக்குள் இருந்தது. ஆட்டம் 6-3 என ஹங்கேரிக்குச் சாதகமாக முடிந்தது.

ஆட்டத்துக்குப் பின் ஹங்கேரிக் கால்பந்துச் சங்கத் தலைவர் சாண்டோர் பார்ச், தங்களுக்கு இந்த ஆட்டத்தைக் கற்றுத் தந்தவர் ஜிம்மி ஹோகன் என்றார். யார் இந்த ஹோகன்? வேடிக்கை என்னவென்றால், அவர் ஓர் ஆங்கிலேயர்.

ஹோகன் 1882-இல் லங்காஷயர் மாவட்டத்தின் நெல்சன் நகரில் பிறந்தவர். அவர் இளைஞராக ஆடிய காலத்தில், பந்தாட்டத் திறமை பிறவியிலேயே வருவது, கற்றுத்தர முடியாதது என்பதே இங்கிலாந்தில் பலரது நம்பிக்கை. பயிற்சி என்றால் மைதானத்தைச் சுற்றி ஓடுவதுதான். வாரம் முழுவதும் பந்தைக் கண்ணில் காட்டாவிட்டால் சனிக்கிழமை ஆட்டத்தில் வீரர்கள் பந்துக்குப் பசித்திருப்பார்கள் என்றுகூட வாதிட்டார்கள். பட்டினி போட்டால் சமையல் வந்துவிடும் என்பது போன்ற வாதம்! ஒருமுறை தாம் உதைத்த பந்து கோலுக்கு மேலே போய்விடவே, ஹோகன் தம் மேலாளரிடம் காரணம் கேட்டார். முயன்றுகொண்டே இரு, பத்தில் ஒன்று உள்ளே போனால் போதும் என்பதுதான் கிடைத்த பதில்.

அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை. ஊன்றிய கால் எங்கே இருந்தது? உடல் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது? இவற்றை அவர் ஆராயத் தொடங்கினார். உடல் பின்னால் சாய்ந்து, பாதம் பந்தின் மையத்துக்குக் கீழே பட்டால் பந்து மேலெழும். இதில் மர்மம் ஏதுமில்லை. பந்தை அடக்குவதும் அப்படித்தான். கட்டடம் கட்டும் இடத்தில், வீசி எறியும் செங்கல்லைப் பிடிப்பவர் கையைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். விசை செயற்படும் நேரம் நீளுவதால் தாக்கம் குறைகிறது. வரும் பந்தைத் தொடும் நொடியில் பாதத்தையும் அவ்வாறே தளர்த்திப் பின்னுக்கு வாங்கினால் பந்து காலடியிலேயே நிற்கும். விறைப்பாக வைத்தால் எகிறி ஓடிவிடும். மாணவர்கள் ஒரு சுவரும் பந்தும் கொண்டு இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

ஹோகன் 1910-இல் ஹாலந்தின் டார்ட்ரெக்ட் நகருக்கும், 1912-இல் வியன்னாவுக்கும் பயிற்சியாளராகப் போனார். 1914-இல் போர் மூண்டதும் ஆஸ்திரியர் அவரை எதிரி நாட்டவர் என்று கைது செய்தனர். பின்பு போர்க்காலத்திலேயே புடாபெஸ்ட் நகரின் எம்.டி.கே. சங்கம் அவரைப் பயிற்சியாளராக்கிக்கொண்டது. வளர்ந்த ஆட்டக்காரர் பலர் போர்முனைக்குப் போய்விட்டனர். ஹோகன் சிறுவர்களைத் தேடினார். அங்குள்ள பூங்கா ஒன்றில் பந்து உதைத்துக்கொண்டிருந்த ஓர்த், பிரவுன் என்ற இரு பள்ளி மாணவர்கள் அவர் கண்ணில் பட்டார்கள். இருவரும் 1901-இல் பிறந்தவர்கள். பள்ளி விட்டதும் நாள்தோறும் அவர்களை மைதானத்துக்கு அழைத்துப் பந்தோடு பழக்கினார். எம்.டி.கே. 1917 முதல் 1925 வரை தொடர்ந்து 9 முறை ஹங்கேரியின் சாம்பியன் ஆயிற்று. ஓர்த் பின்னாளில், 1930 உலகக் கோப்பையில் சிலி நாட்டு அணிக்குப் பயிற்சியாளராக இருந்தார். யூதரான பிரவுன் 1943-இல் கட்டாய உழைப்புப் படையில் மாண்டார்.

ஹோகனுக்கோ, போர் முடிந்து ஊர் திரும்பியபோது கிடைத்தது துரோகிப் பட்டந்தான். உதவி கேட்டுச் சென்றவருக்கு ஆங்கிலக் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் மூன்று ஜோடிக் காக்கிக் காலுறைகளைக் கொடுத்தனுப்பினாராம்.

ஆனால் ஹங்கேரியின் வெற்றிக்கு ஹோகன் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. 1927-இல் பிறந்த புஷ்காஷ், கிஷ்பெஷ்ட் தெருவில் கந்தல் துணிப்பந்தை உதைத்து வளர்ந்தவர். தெருவே அவருக்கு முதல் ஆசான். அதே நூற்றாண்டில் மேற்கு ஐரோப்பிய நகரத் தெருக்களைக் கார்கள் பிடித்துக்கொண்டன. தெரு சொல்லிக்கொடுத்ததை இனி யார் சொல்லிக்கொடுப்பது?

இதற்கு விடை தேடியவர் ஹாலந்தின் வீல் கூர்வர். 1924-இல் கெர்க்ராடே என்ற சுரங்க ஊரில் பிறந்தவர். 1974-இல் அவர் பயிற்றுவித்த ஃபெயெனூர்ட் அணி டாட்டன்ஹாமை வென்று யூஃபா கோப்பையைப் பெற்றது. கூர்வர் பெரிய ஆட்டக்காரர்களின் படங்களைத் திரும்பத் திரும்ப ஓட்டி, அவர்கள் போக்குக் காட்டும் விதங்களைத் துண்டு துண்டாகப் பிரித்தார். அதே 1974 உலகக் கோப்பையில் ஸ்வீடனுக்கு எதிராகக் கிரைஃப் திரும்பிய திருப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பந்தை உதைக்கப்போவதுபோல் காலை ஓங்குதல். உதைக்காமல், பாதத்தின் உட்பக்கத்தால் பந்தை ஊன்றிய காலுக்குப் பின்னே இழுத்தல். அரை வட்டம் திரும்பி ஓடுதல். மூன்று துண்டுகள். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக, பிறகு எதிரே ஓர் ஆளை நிறுத்தி என்று பழகினால் எட்டு வயதுக் குழந்தைக்கும் இது வசப்படும்.

இதற்கு ஆளுக்கு ஒரு பந்து வேண்டும். 22 சிறுவர்கள் ஒரே பந்தோடு 60 நிமிடம் ஆடினால் தலைக்கு மூன்று நிமிடம்கூடத் தேறாது. அதிலும் வலுத்தவன் காலில்தான் பந்து கிடக்கும். நோஞ்சான் பையன் ஓடிக் களைத்து வீடு திரும்புவான். அவனுக்குப் பிறவித் திறமை இல்லை என்று ஊர் சொல்லும்.

கூர்வரின் பாடத்திட்டம் 1983-இல் நூலாக வந்தது. எதிர்ப்பும் வந்தது. எதிராளி இல்லாமல் கற்ற வித்தை, எப்போது பந்தைக் கூட்டாளிக்குத் தர வேண்டும் என்பதைச் சொல்லித் தராது என்றார்கள். இது நியாயமான குறைதான். ஆனால் பந்தைக் காலடியில் நிறுத்தத் தெரியாத சிறுவனின் கண் பந்திலேயே ஒட்டிக்கிடக்கும். கூட்டாளி எங்கே நிற்கிறான் என்று பார்க்க அவனால் தலை நிமிர முடியாது. கூர்வர் 2011-இல், 86-ஆம் வயதில் காலமானார். எத்தனை நாள் தனிப்பயிற்சி, எந்த வயதில் ஆட்டம் என்ற வழக்கு பயிற்சியாளர்களிடையே இன்னும் தீரவில்லை.