பயணிகளுக்கான சுங்கத் தீர்வைச் சலுகை

பயணிகளுக்கான சுங்கத் தீர்வைச் சலுகை என்பது, வெளிநாட்டிலிருந்து வருபவர் தம் சொந்தப் பயன்பாட்டுக்காகவும் அன்பளிப்பாக வழங்குவதற்காகவும் உடன் கொண்டுவரும் பொருள்களுக்கு, குறிப்பிட்ட அளவு அல்லது மதிப்பு வரை, அரசு அளிக்கும் இறக்குமதித் தீர்வை விலக்கைக் குறிக்கும். வணிகச் சரக்கையும் பயணியின் உடைமையையும் பிரித்தறிவதே இதன் அடிப்படை. அந்த எல்லைக்கோட்டை அந்தந்தக் காலத்தின் பொருளாதாரத் தட்டுப்பாடுகளே பெரிதும் வகுத்துவந்துள்ளன.

இப்பிரிவினை மிகத் தொன்மையானது. திருமணத்துக்குரிய பொருள்கள், மணப்பெண்ணுடன் செல்லும் சீர்வரிசை, வேள்விக்கும் மகப்பேற்றுக்கும் வேண்டியவை ஆகியவற்றுக்குச் சுங்கம் இல்லை என்று அர்த்தசாஸ்திரம் விதிப்பதோடு, இவற்றின் பெயரைச் சொல்லிப் பிற பொருள்களைக் கடத்துவோருக்குத் தண்டனையும் கூறுகிறது.

பன்னாட்டு உடன்படிக்கைகள்

சுற்றுலாப் பயணிகளுக்கான சுங்க வசதிகள் குறித்து 1954-இல் நியூயார்க்கில் உருவான உடன்படிக்கை, பயணி தற்காலிகமாகக் கொண்டுவரக்கூடிய பொருள்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டது. ஓர் இருகண் தொலைநோக்கி, பத்து இசைத்தட்டுகளுடன் ஒரு கிராமபோன், ஒரு தட்டச்சு இயந்திரம், ஒரு குழந்தை வண்டி என நீளும் அப்பட்டியலில் அக்கால நடுத்தர வர்க்கத்தின் பயணப் பழக்கம் அப்படியே பதிவாகியுள்ளது. 200 சிகரெட்டுகள் அல்லது 50 சுருட்டுகள் அல்லது 250 கிராம் புகையிலை என்று அது வகுத்த அளவு, பல நாடுகளின் விதிகளில் நெடுங்காலம் நிலைத்தது. 1973-இல் கியோட்டோவில் உருவாகி 1999-இல் திருத்தப்பட்ட உடன்படிக்கை, அறிவிக்க ஏதும் இல்லாதோர் பச்சை வழியிலும் தீர்வைக்குரிய பொருள் வைத்திருப்போர் சிவப்பு வழியிலும் வெளியேறும் இருவழி முறையைப் பரிந்துரைத்தது.

இந்தியாவில்

ஆங்கிலேயர் ஆட்சியில் இயற்றப்பட்ட 1878-ஆம் ஆண்டுக் கடல் சுங்கச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம், உடைமைகளைப் பற்றிப் பயணி அறிவிப்பதை 77-ஆம் பிரிவிலும், தீர்வை விலக்கை 79-ஆம் பிரிவிலும் வரையறுத்தது. தங்கம் இவ்வரலாற்றில் தனி இடம் பெறுகிறது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டின் விளைவாக வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் (1968) கடத்தலை ஒழிக்க இயலாமல் 1990-இல் நீக்கப்பட்டது. 1992 முதல் வெளிநாடுவாழ் இந்தியர் 5 கிலோ வரையிலான தங்கத்தைத் தீர்வை செலுத்திக் கொண்டுவர அனுமதிக்கப்பட்டனர். 2013-இல் ரூபாயின் மதிப்பு சரிந்தபோது, வளைகுடா நாடுகளிலிருந்தும் தென்கிழக்கு ஆசியாவிலிருந்தும் பயணிகள் விரும்பி வாங்கிவந்த தட்டைத்திரைத் தொலைக்காட்சி, ஆகஸ்டு 26 முதல் சலுகையிலிருந்து நீக்கப்பட்டு 35 விழுக்காடு தீர்வைக்கு உள்ளானது.

2016-ஆம் ஆண்டு உடைமை விதிகள் பொதுச் சலுகையின் மதிப்பை 50,000 ரூபாயாகவும், மதுவை 2 லிட்டராகவும், சிகரெட்டை 100 ஆகவும் வரையறுத்தன. தீர்வைக்குரிய பொருள் ஏதும் கொண்டுவராதவர் படிவம் நிரப்பத் தேவையில்லை என்ற மாற்றமும் அவ்வாண்டே வந்தது.

நகைச் சலுகையும் அதன் சிக்கலும்

ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் தங்கித் திரும்பும் ஆண் 20 கிராம் நகையை 50,000 ரூபாய் மதிப்புக்கும், பெண் 40 கிராம் நகையை ஒரு லட்சம் ரூபாய் மதிப்புக்கும் உட்பட்டுத் தீர்வையின்றிக் கொண்டுவரலாம் என்று 2016 விதிகள் கூறின. இம்மதிப்பு வரம்புகள் 2013-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் முறையே 10,000, 20,000 ரூபாயிலிருந்து உயர்த்தப்பட்டவை. எடையும் மதிப்பும் சேர்ந்தே பொருந்த வேண்டியிருந்ததால், தங்கத்தின் விலை ஏற ஏற எடை வரம்பு பொருளற்றுப்போயிற்று: 2025-இல் சென்னையில் 8 கிராம் கொண்ட ஒரு சவரனின் விலையே 70,000 ரூபாயைத் தாண்டியதால், 20 கிராம் என்று விதி கூறினும் ஆண் பயணிக்கு ஒரு சவரன் அளவுக்குக்கூட முழு விலக்கு கிட்டவில்லை. அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம், இலங்கையிலிருந்து வந்த புதுமணப்பெண்ணிடம் சுங்கத் துறையினர் பறிமுதல் செய்த தாலிக்கொடியைத் திருப்பித்தர ஆணையிட்டதோடு, சோதனையின்போது மக்களின் சமய, பண்பாட்டு வழக்கங்களை மதிக்க வேண்டும் என்றும் வலியுறுத்தியது.

ரூபாய்க் கணக்கில் குறிக்கப்பட்ட எந்த வரம்பும் விலைவாசிக்கேற்ப உரிய காலத்தில் திருத்தப்படாவிட்டால், சட்டம் அளித்த விலக்கு சட்டத்தை மாற்றாமலேயே பறிபோகிறது. அதன் சுமை பெருவணிகரைவிட, ஆண்டுக்கணக்கில் உழைத்துச் சேர்த்த சிறு நகையுடன் ஊர் திரும்பும் தொழிலாளர் மீதே மிகுதியாக விழுகிறது.